சாமி ரூம் ரவுட்டர்

ஏனுங் தம்பி, இந்தப் பொட்டிய மேல வெக்கச் சொல்றீங்களா? வேண்டாமுங்க, மடியிலயே இருக்கட்டும். மேல வெச்சா அவனவன் மூட்டையத் திணிப்பான். உள்ள நாலு கொம்பு இருக்குதுங்க. கொம்புன்னா ஆண்டெனா. ஒண்ணு ஒடைஞ்சாலும் வாங்குனது வீண். ரவுட்டருங்க, நெட்டுக்கு மாட்டறது. உக்கடத்துல நீங்க லேப்டாப் பையோட ஏறுனதப் பாத்துட்டுத்தான் உங்க பக்கத்துல வந்து உக்காந்தேன். தப்பா நெனச்சுக்காதீங்க. உங்களாட்டம் படிச்ச புள்ளைங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும்னு இருந்துச்சு.

நான் உடுமலையில எறங்கறேன். நீங்க பழனி வரைக்குமா? நல்லதாப் போச்சு.

கேக்கறது இதுதானுங்க. இந்த மாடலு ரெண்டு செவுரு தாண்டுமா? இப்பக் கட்டறாங்களே அந்த மாதிரி ஒத்தக் கல்லுச் செவுரு இல்ல, முக்கா அடி செங்கச் செவுரு. எங்கப்பன் கட்டுன ஊடு. டப்பா இருக்கறது நடு ரூம்ல. மருமக இருக்கறது கடைசி ரூம்ல. ரெண்டுக்கும் நடுவுல சமையக்கட்டு. அங்க வரைக்கும் போயி நிக்குமா சிக்னலு? பொட்டியில என்னமோ 'வீடு முழுக்க'ன்னு போட்டிருக்குதுங்க. பொட்டியில போட்டிருக்கறத நம்பற ஆளு நான் இல்ல. நானே கடைக்காரன். காரமடையில உரக்கடை. மூட்டை மேல போட்டிருக்கற தக்காளியையும் தோட்டத்துல காய்க்கற தக்காளியையும் பாத்துப் பாத்துக் கெட்டுப் போன கண்ணுங்க இது.

இதை வாங்குன கடையில அந்த மனுசன் நல்லாத்தான் வெவரம் சொன்னாரு. இதுல ரெண்டு விதமா அலை வருமாம். ஒண்ணு வேகமா ஓடும், ஆனா செவுத்தைக் கண்டா நின்னுக்கும். இன்னொண்ணு மெதுவு, ஆனா செவுத்தைத் தாண்டிப் போயிரும். ரெண்டும் இருக்கற மாடலுதான் இது. உங்களுக்குத் தெரியும், நான் சொல்லித்தானா.

அவரு என்னைய மூணு கேள்வி கேட்டாரு. நானும் அப்படித்தானுங்க, வாழைக்கு என்ன போடலாம்னு ஒருத்தர் வந்தா, மண்ணு என்ன, தண்ணி எப்படின்னு கேட்டுட்டுத்தான் மூட்டையக் காட்டுவேன். ஊடு எவ்வளவு பெருசுன்னாரு, சொன்னேன். எத்தன பேரு பாவிப்பீங்கன்னாரு, சொன்னேன். இப்ப டப்பா எங்க இருக்குதுன்னாரு. அங்கதான் மாட்டிக்கிட்டேன். நடுவுல ஒரு சின்ன ரூம்லன்னேன். 'ஸ்டோர் ரூமுங்களா?' அந்த மாதிரிதானுங்கன்னு சொல்லிட்டேன். முருகனைப் போயி ஸ்டோர் ரூம்ல வெச்சிருக்கறேன்னு என் வாயாலயே சொல்லிப் போட்டு நிக்கறேன் பாத்துக்கங்க.

அவரு உடறதில்ல. 'கிட்டத்துல இரும்பு, பித்தளை, கண்ணாடி ஏதாச்சும் இருக்குதுங்களா? அதெல்லாம் சிக்னலைத் தடுக்கும்'னாரு. என்னத்தைச் சொல்ல? ஆளு ஒசரத்துக்குக் குத்துவெளக்கு ரெண்டு. கண்ணாடி போட்ட படம் செவுரு நெறைய. வேலு. பித்தளைச் சொம்பு. 'கொஞ்சம் சாமான் இருக்குது'ன்னேன்.

'அப்ப டப்பாவத் தூக்கி ஹால்ல வெச்சிருங்க. பழசே போதும். புதுசு எதுக்குங்க வீணா?'ன்னாரு. பாருங்க, விக்க வந்த மனுசனே வேண்டாங்கறாரு. நான், பழசு செத்துப் போச்சுன்னேன். எப்படின்னாரு. மழைத் தண்ணி பட்டுருச்சுன்னேன். கையோட அதைக் கொண்டு போயிருந்தேன், அதுதான் தப்பாப் போச்சு. வாங்கித் திருப்பிப் பாத்தாரு. ஓட்டை ஓட்டையா இருக்குமே அடியில, அது பூராவும் மஞ்சளு. விரல்ல தொட்டுப் பாத்தாரு. என்னைய ஒருக்காப் பாத்தாரு. அப்பறம் ஒண்ணும் கேக்கல. கம்முனு பில்லுப் போட்டாரு. ஒரு மனுசன் கேக்காம உடறதுல இவ்வளவு வெக்கம் இருக்குதுன்னு அன்னிக்குத்தானுங்க தெரிஞ்சுக்கிட்டேன்.

மழை இல்லீங்க. மஞ்சத் தண்ணி. சொல்றேன், இருங்க. உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன. நீங்க யாரோ, நான் யாரோ. பேரு கூடக் கேட்டுக்கல.

போன ஆவணியில பையனுக்குக் கல்யாணம் பண்ணுனேன். நவநீதன்னு பேரு. ஓசூர்ல கம்பெனி வேலை, மாசத்துல ரெண்டு தடவை ஊருக்கு வருவான். பொண்ணு உடுமலை. மோகனப்பிரியா. எஞ்சினியரிங் படிச்ச புள்ள. பொண்ணு பாக்கப் போனப்பவே நான் எந்திரிச்சு நின்னு சொன்னேன், 'அம்மிணி வேலைக்குப் போறதுல எங்களுக்கு ஒரு ஆட்சேபனையும் இல்ல'ன்னு. எங்க பங்காளி ஒருத்தன் கூட, 'இப்பவே எதுக்கு வாக்குக் குடுக்கற'ன்னான். நான் ஒண்ணும் பழைய காலத்து ஆளு இல்லீங்க. அதை முன்னாடியே சொல்லிப் போடறேன். பின்னால சொல்றதக் கேட்டு நீங்க வேற மாதிரி நெனச்சுக்கக் கூடாது.

ஊட்ல இருந்தே செய்யற வேலை. அதுக்காகத்தானுங்க நெட்டே போட்டது. எனக்கெதுக்கு நெட்டு, ஊட்டுக்காரிக்கு எதுக்கு? அந்தப் புள்ளைக்காகத்தான். ஒயரு இழுக்க வந்தவரு, ஊட்டுக்கு நடுவுல வெச்சா எல்லா ரூமுக்கும் வரும்னாரு. எங்கூட்டுக்கு நடு, சாமி ரூமு. அங்க இன்வெர்ட்டர்ல ஒரு பிளக்கும் இருக்குது, கரண்டு போனாலும் சாமிக்கு லைட்டு எரியோணும்னு நான் போட்டது. ஊட்டுக்காரி வசந்தாமணிக்கு அப்படி ஒரு சந்தோசம். 'மருமக பொழப்பே இதுலதான் இருக்குது, முருகன் காலடியில இருக்கட்டும்'னா. வெள்ளிக்கெழம பாத்துத்தான் மாட்டுனோம். அதுக்கு சந்தனம், குங்குமம் எல்லாம் வெச்சா. ஆயுத பூசைக்கு சின்னதா ஒரு மாலை. மோகனா அதைப் போட்டோ எடுத்து சிநேகிதிகளுக்கெல்லாம் அனுப்பிச்சிட்டு விழுந்து விழுந்து சிரிச்சுது. நல்லாத்தான் இருந்தோம், தம்பி. நல்லாத்தான் இருந்தோம்.

ஒரே தொந்தரவு, அந்த டப்பா அடிக்கடி நின்னுக்கும். போயி ஆஃப் பண்ணி ஆன் பண்ணோணும். அவ்வளவுதான். மோகனாவே ஓடிப் போயி அமுத்திட்டு வந்துக்கும்.

மாசத்துல மூணு நாளு மட்டும் போகாது.

புரிஞ்சுக்கிட்டீங்கல்ல. ஊட்டுக்குத் தூரம். எல்லார் ஊட்லயும் உள்ளதுதானுங்களே. ஆனா ஒண்ணு சொல்றேன், எங்கூட்ல தனித் தட்டு, தனிப் பாயின்னு எல்லாம் கெடையாது. எங்கம்மா இருந்தப்ப மாட்டுக் கொட்டாய்ப் பக்கம் உக்கார வெச்சாங்க. நான்தான் அதையெல்லாம் நிறுத்துனேன். கட்டில்ல படுக்கலாம், டிவி பாக்கலாம், எங்க வேணா உக்காரலாம். சாமி ரூமும் சமையக்கட்டும் மட்டும்தான் போகப்படாது. இது ஒரு பெரிய விசயமுங்களா? சொல்லுங்க.

அந்த மூணு நாளும் நெட்டு நின்னா, ரூம்ல இருந்து 'ஏனுங் மாமா, சித்த அமுத்தி உடறீங்களா'ன்னு கூப்புடும். நானும் போயி அமுத்தி உட்டுட்டு வருவேன். கூப்புட்டாலே எனக்குத் தெரிஞ்சு போயிரும், இன்னிக்கு அப்படின்னு. அதுக்கும் தெரியும், எனக்குத் தெரியும்னு. நான் மொகத்தைப் பாக்கறதில்ல. நேரா போவேன், அமுத்துவேன், பேப்பரை எடுத்து உக்காந்துக்குவேன். ஒரு மாமனாரு இதுக்கு மேல எப்படிங்க நடந்துக்கறது? முதல்ல நல்ல சத்தமாக் கூப்புட்டுட்டு இருந்துச்சு. போகப் போகச் சத்தம் கொறைஞ்சு போச்சு. ஒரு நாளு நெட்டே இல்லாம பொழுதுக்கும் கம்முனு உக்காந்திருந்திருக்குது, கூப்புடல. கேட்டா, வேலை இல்லீங் மாமான்னுச்சு. அடக்கமான புள்ளைன்னு நெனச்சுக்கிட்டேன்.

அப்பறம் அது இருந்த கம்பெனி கோயமுத்தூர் ஆபீசை மூடிட்டாங்க. வேலை போச்சு. வேற எடத்துக்கு எழுதிப் போட்டு, ரெண்டு கட்டம் தாண்டி, கடைசியா பெரிய ஆளுங்க கம்ப்யூட்டர்லயே மொகம் பாத்துப் பேசறதுன்னு ஒரு நாளு குறிச்சாங்க. வேலை கெடைச்சா ஊட்ல இருந்தே பாக்கலாம். கெடைக்கலைன்னா பெங்களூருக்குத்தான் போகோணும், அங்க போனா எங்க ஊடு வெறிச்சுன்னு ஆயிரும். அதனால எனக்குந்தான் படபடப்பு.

அந்த நாளுன்னு பாத்து, அந்த நாளு.

காலையில வந்து கேட்டுச்சுங்க. 'மாமா, இன்னிக்கு மட்டும் அந்த டப்பாவ ஹால்ல வெச்சுக்கலாமுங்களா? நடுவுல நின்னுட்டா நானே அமுத்திக்குவேன்.' வசந்தாமணி, 'வெள்ளிக்கெழமையும் அதுவுமா வெளக்கு எரியறப்ப ஒயரைப் புடுங்கறதா'ன்னா. நான் நடுவுல பூந்து, 'எதுக்கம்மிணி அதெல்லாம்? நான் ஹால்லயே உக்காந்திருக்கறேன். ஒரு சத்தம் குடு, ஓடி வந்து அமுத்தறேன்'னேன். சரிங் மாமான்னுட்டுப் போயிருச்சு. அன்னிக்குக் கடைக்குக் கூடப் போகலைங்க நான். அதுக்குன்னே உக்காந்திருந்தேன்.

பாத்தீங்களா, பொள்ளாச்சி வந்திருச்சு. டீ குடிக்கறீங்களா? வேண்டாமா? எனக்கும் எறங்கப் பிடிக்கல.

மோகனா பேட்டியில பேச ஆரம்பிச்சு சித்த நேரம் ஆயிருக்கும். எங்க பெரிய பங்காளி ராசப்பண்ணனும் அவரு சம்சாரமும் பத்திரிகை வெக்க வந்துட்டாங்க, மக கல்யாணத்துக்கு. தாம்பாளத்துல வெத்தலை பாக்கு, பழம், பத்திரிகை. அந்தம்மா நேரா சாமி ரூம்ல கொண்டு போயி தட்டை வெச்சுட்டு வந்து உக்காந்துச்சு. சித்த நேரம் பேசிட்டு, சாமி முன்னால நின்னு எங்க கையில குடுக்கோணுங்கறது மொறை. 'மருமக எங்க, கூப்புடுங்க, மூணு பேரு கையிலயும் சேத்துக் குடுத்தர்றோம்'னுச்சு.

என்ன சொல்லுவீங்க? பேட்டி நடக்குதுன்னு சொல்லியிருக்கலாம். நெசந்தானே அது. ஆனா, 'முடிஞ்சு வரட்டும், இருந்து குடுத்துட்டே போறோம்'னு உக்காந்துட்டாங்கன்னா? அது சாமி ரூமுக்குள்ள வராது. ஏன் வரலைன்னு கேப்பாங்க. அதனால, 'அதுக்குத் தலைவலி, மாத்திரை போட்டுத் தூங்குது'ன்னேன். நல்லபடியாத்தான் சமாளிச்சேன்.

அப்பத்தான் ரூம்ல இருந்து, 'மாமா'ன்னு சத்தம்.

ராசப்பண்ணன் என்னையப் பாக்கறாரு. நான் டிவியப் பாக்கறேன். மறுபடியும், 'மாமா, நின்னுருச்சுங் மாமா, சீக்கிரம்'. எனக்குக் கேட்டுச்சுங்க. நல்லாக் கேட்டுச்சு. எந்திரிச்சேன்னு வெச்சுக்கங்க, தூங்கற புள்ள எதுக்குக் கூப்புடுதும்பாரு. நான் சாமி ரூமுக்குள்ள போயி அமுத்துனா, அதை ஏன் அந்தப் புள்ளையே அமுத்தக் கூடாதுன்னு அந்தம்மா கணக்குப் போட்டுக்கும். பொம்பளைங்களுக்கு அது ஒரு நிமிசம். ஊட்டுப் புள்ளையோட அந்தரங்கம், ஊட்டுக்கு வந்த ஒரம்பரைக்கு முன்னால எப்படிங்க வெளிய உடறது? அதோட மானத்துக்காகத்தான் நான் எந்திரிக்கல. ரிமோட்டை எடுத்து டிவியச் சத்தமா வெச்சேன். விளம்பரந்தான் ஓடிட்டு இருந்துச்சு. அதைப் போயி சத்தமா வெச்சேன்.

மூணாவது தடவை அது கூப்புடல. ஓடி வந்துச்சு. மேல நல்ல சட்டை, கோட்டு மாதிரி ஒண்ணு, கீழ ஊட்ல போடற பேண்ட்டு. எங்க யாரையும் பாக்கல. நேரா சாமி ரூமுக்குள்ள போச்சு, அமுத்துச்சு, வந்த வழியே ஓடிருச்சு.

ராசப்பண்ணன் சம்சாரம், 'தலைவலி நல்லாப் போயிருச்சாட்ட இருக்குது'ன்னு சிரிச்சுது. அதோட போயிருக்கும். ஆனா வசந்தாமணி காபித் தட்டோட அப்பத்தான் வர்றா. பாத்துட்டா. வாய் தவறி, 'அய்யய்யோ, அங்க எதுக்குடி போன'ன்னுட்டா. அவ்வளவுதான். அந்தம்மா மொகத்துல சிரிப்பு நின்னு போச்சு. 'எங்க பத்திரிகைத் தட்டு உள்ளதானே இருக்குது'ன்னுச்சு. கல்யாணப் பத்திரிகைங்க. மொதப் பத்திரிகை குலதெய்வத்துக்கு, ரெண்டாவது எங்களுக்குன்னு கொண்டு வந்தவங்க.

வசந்தாமணியக் கெட்டவன்னு நெனச்சுப் போடாதீங்க. அந்தம்மா மொகத்தைப் பாத்துட்டு அவளுக்குத் தாங்கல. எங்க ஒழுக்கம் அப்படி இல்லன்னு காட்டோணுமே. சொம்புல தண்ணிய மோந்து, மஞ்சளைக் கரைச்சு, சாமி ரூமுக்குள்ள நின்னுக்கிட்டு நாலா பக்கமும் தெளிச்சா. தெளிச்சுக்கிட்டே கத்துனா. தூரமாயிட்டு சாமி ரூமுக்குள்ள வந்திருக்குதே, சொரணை வேண்டாமா, இதையெல்லாம் சொல்லித்தான் வளத்தாங்களான்னு. அவளுக்குக் கொரலு பெருசு. கடைசி ரூமு கதவு சாத்தியிருந்துச்சு, ஆனா எங்கூட்டுக் கதவுக என்னத்தைத் தடுக்கும். செவுரு சிக்னலைத்தான் தடுக்குமாட்ட இருக்குது, வசவைத் தடுக்கறதில்ல.

அந்த நேரத்துல நெட்டு நல்லா ஓடிட்டு இருந்திருக்குதுங்க. அதுதான் கெரகம். எத்தனையோ நாளு நின்ன நெட்டு, அன்னிக்கு அந்த அஞ்சு நிமிசம் நிக்கல. கம்ப்யூட்டர்ல இருந்த மூணு பேரும் எல்லாத்தையும் கேட்டுட்டு இருந்திருக்கறாங்க. அதுல ரெண்டு பேருக்குத் தமிழ் தெரியுமாம். அப்பறம் மஞ்சத் தண்ணி டப்பா மேலயும் பட்டுது. ஒரு சத்தம் கூட இல்ல, லைட்டெல்லாம் அணைஞ்சு போச்சு.

அந்தப் புள்ள கதவைத் தொறந்துட்டு வந்து நின்னுச்சு. கோட்டோட. நான் எந்திரிச்சுப் போயி, மெதுவாத்தான் சொன்னேன், 'ஒரு அஞ்சு நிமிசம் பொறுத்திருக்கக் கூடாதா அம்மிணி'ன்னு. ஒரம்பரை உக்காந்திருக்கறப்ப நான் வேற என்ன சொல்றது? அது என்னையப் பாத்துச்சு. திரும்பி ரூமுக்குள்ள போயிருச்சு.

மறுநாளு காலையில பையை எடுத்துட்டு வந்து, 'அப்பா ஊட்டுக்குப் போயிட்டு வர்றனுங் மாமா. அங்க நெட்டு நல்லா வருது'ன்னுச்சு. அழுகை இல்ல, கோவம் இல்ல. அது வாயில இருந்து வந்த ஒரே குத்தம் அதுதானுங்க, நெட்டு. சரி, நெட்டு நல்லா வந்தா அது திரும்பி வந்துரும்னுதானே நெனப்போம்? அதுல இருந்துதான் நான் கடை கடையா ஏறி எறங்குனது.

அப்பறம் சம்பந்தி போன் பண்ணுனாரு. 'வேலை கெடைச்சிருச்சுங்க, மறுபடியும் கூப்புட்டுப் பேசுனாங்களாம், இங்க இருந்தே பேசுச்சு'ன்னாரு. எனக்குச் சந்தோசம் தாங்கல. அதுக்கப்பறம் சொன்னாரு. அந்தப் பேட்டி எடுத்ததுல ஒரு அம்மா, சென்னையில பெரிய பதவியாம், அன்னிக்குப் பொழுதோட மோகனாவுக்கு போன் பண்ணியிருக்குது. வேலையப் பத்தி இல்லீங்க. 'நீ இருக்கற எடத்துல பத்திரமா இருக்கறியாம்மா? வெளிய வரோணும்னா சொல்லு'ன்னு கேட்டிருக்குது.

என் ஊட்டைப் பாத்துங்க! அடிக்கற ஊடா அது, குடிக்கற ஊடா? அந்தப் புள்ளைக்குப் புடிக்கும்னு வாரா வாரம் காரமடைச் சந்தையில நாவப்பழம் தேடி வாங்கியாந்த மனுசன் நான். யாருன்னே தெரியாத ஒருத்தி, எங்கயோ உக்காந்துக்கிட்டு, பத்திரமா இருக்கறியான்னு கேக்கறா. அன்னிக்கு இருந்து கடையில உக்காந்தா, உள்ள வர்ற ஆளெல்லாம் எதையோ கேட்டுட்டு வந்த மாதிரியே இருக்குது. குனிஞ்சுக்கிட்டே மூட்டை எடை போடறேன்.

பையனும் பேசறதில்ல. 'மோகனா வந்தா வரட்டும், வரலைன்னா ஓசூர்ல ஊடு பாத்துட்டேன், அங்க கூட்டிட்டுப் போறேன்'னு ஒத்தைப் பேச்சுல வெச்சுட்டான். அவங்கம்மாகிட்ட அது கூடச் சொல்லல. அவ தெனமும் மருமக ரூமக் கூட்டிப் பெருக்கி வெக்கறா. வெசனத்துல எளைச்சுட்டா. ஆனா டப்பாவ ஹால்ல வெக்கலாம்னு நான் ஆரம்பிச்சா மட்டும், 'இப்ப அதை வெளிய எடுத்தா நாம தப்புப் பண்ணுனோம்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும், ராசப்பண்ணன் ஊட்ல என்ன நெனைப்பாங்க'ங்கறா. அதுவும் நாயந்தானுங்களே.

நீங்களும் ஹால்ல வெக்கலாமேங்கறீங்க. எல்லாரும் அதைத்தான் சொல்றீங்க.

அதுக்குத்தானுங்க இந்த மாடலைத் தேடிப் புடிச்சேன். ரெண்டு டப்பாவா வாங்கி ஒண்ண மருமக ரூம்ல வெச்சுக்கலாம்னு கூட அந்தக் கடைக்காரர் சொன்னாரு. ஆனா பெருசு நின்னா சின்னதும் நின்னுக்குமாம். அப்பவும் யாராச்சும் உள்ள போயி அமுத்தித்தான் ஆகோணும். இதுல பாருங்க, செல்போன்லயே ஒரு ஆப்பு இருக்குதாம். உக்காந்த எடத்துல இருந்தே நிறுத்திப் போட்டுக்கலாம். யாரும் உள்ள போக வேண்டியதில்ல. இனிமே அது என்னையக் கூப்புடவே வேண்டியதில்லைங்க.

நேத்து நானே அதுக்கு போன் பண்ணுனேன். இத்தன நாளும் பண்ணல, மொகம் இல்ல. எடுத்ததும் ரவுட்டரைப் பத்தித்தான் சொன்னேன். நாலு கொம்பு, ரெண்டு அலை, ஆப்பு, எல்லாம். அது பொறுமையாக் கேட்டுச்சு. நல்ல மாடலுங் மாமான்னுச்சு. அப்பறம், 'மாமா, ஒண்ணு கேக்கட்டுங்களா? அன்னிக்கு நான் கூப்புட்டது உங்களுக்குக் கேட்டுச்சுங்களா?'ன்னுச்சு.

தம்பி, ஆமான்னு சொல்லத்தானுங்க வாயத் தொறந்தேன். சத்தியமா. 'இல்ல அம்மிணி, டிவிச் சத்தத்துல கேக்கல'ன்னு வந்துச்சு.

'எனக்குத் தெரியுமுங் மாமா'ன்னுச்சு. கொரலே மாறிப் போச்சு. பழைய கொரலு. 'அப்பாகிட்டயும் அதைத்தான் சொல்லிட்டே இருக்கறேன். மாமாவுக்குக் கேட்டிருக்காது, கேட்டிருந்தா எந்திரிச்சு வந்திருப்பாரு, அவரு அப்படிப்பட்டவர் இல்லன்னு. ஆனா ஒருவேளை கேட்டும் உக்காந்திருந்தீங்களோன்னு நெனச்சுத்தானுங் மாமா எனக்குத் தூக்கமே வரல. அத்தை கத்துனது கூட இல்ல. நாளைக்கு வந்து கூட்டிட்டுப் போங்க. நீங்க இருக்கற ஊடு, நான் வர்றேன்.'

போனை வெச்சுட்டு அப்படியே நின்னேன். வசந்தாமணி என்னாச்சு என்னாச்சுங்கறா. வர்றேன்னுருச்சுன்னேன். அவ அழுதுக்கிட்டே போயி முருகனுக்கு வெளக்குப் பொருத்துனா. நான் உள்ள போகல.

மானம் மரியாதை எல்லாம் உள்ள ஆளுன்னு நானே சொல்லிக்குவேன் தம்பி. அந்தப் புள்ள மானத்தைக் காப்பாத்துனேன்னு இப்பக் கூட உங்ககிட்டச் சொன்னேன் பாருங்க. அது மானமுமில்ல ஒண்ணுமில்ல. ராசப்பண்ணன் முன்னால எனக்குக் கூச்சமா இருந்துச்சு. அவ்வளவுதான். அது நல்லபடியாக் கோவிச்சுக்கிட்டு உடுமலையிலயே இருந்திருந்தாக் கூட இந்தப் பாடு இல்ல. நம்பிட்டு வருதுங்களே. இனி ஒவ்வொரு தடவையும் அது மாமான்னு கூப்புடறப்ப நான் என்ன மூஞ்சிய வெச்சுக்கிட்டு என்னம்மிணின்னு கேக்கறது?

சொல்லிப் போடலாம்னுதானுங்க கெளம்புனேன். அதுக்குக் காட்டறதுக்குன்னே கொண்டாந்த இந்த ரவுட்டரைக் கையில குடுத்து, அவங்கப்பா உள்ள போற நேரமாப் பாத்து, 'அம்மிணி, எனக்குக் கேட்டுச்சு'ன்னு. மூணு வார்த்தை. உக்கடத்துல இருந்து மனசுக்குள்ள சொல்லிப் பாத்துட்டே வர்றேன். சொன்னா அது வராது. ஓசூர் போயிரும், பையனும் போயிருவான், அந்தக் கெழவிய வெச்சுக்கிட்டு நான் அந்த ஊட்ல என்ன பண்ணுவேன்? சொல்லலைன்னா வரும். வந்து காபி போட்டுக் குடுக்கும்.

உடுமலை வந்திருச்சா? அதுக்குள்ளயா?

சம்பந்தி வருவாருன்னு நெனச்சேன். அதா, அந்த ஜூஸ் கடையோரம், பச்சைத் துப்பட்டா, வண்டிய நிறுத்திட்டு நிக்குது பாருங்க. அதுதானுங்க. அதுவே வந்திருக்குது. எந்த பஸ்ஸுன்னு தெரியாம ஒவ்வொரு ஜன்னலாப் பாத்துக்கிட்டு வருது. நல்லா எளைச்சுப் போச்சு. சிரிச்சாப்புல இருக்குதுங்களா? எனக்குக் கண்ணு சரியாத் தெரியல.

கண்டக்டர் கூப்புடறாரு. தெரியுதுங்க, எறங்கோணும்.

ஏனுங் தம்பி, இதுக்கு அடுத்தது எங்க நிக்கும்? மடத்துக்குளமா? அங்க எறங்கித் திரும்பி வர்றதுக்கு எப்படியும் ஒரு மணி நேரம் ஆகுமில்லீங்க?

இந்தப் பக்கம் வருது. நீங்க சித்த முன்னால சாஞ்சு, ஜன்னலை மறைச்சாப்புல உக்காருங்க தம்பி. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.